மாமூல் தடம்

பத்திரம் எழுதுகிறவனுக்குச் சொத்து விவரத்தில் முதலில் கண் போகிற இடம் செக்குபந்தி. நிலத்துக்கு நான்கு திக்கிலும் என்ன இருக்கிறது என்று சொல்கிற வரி அது. கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாருடைய கிணறு என்று நாலும் நாலு விதமாக இருந்தால் நிம்மதியாக மேலே எழுதிக்கொண்டு போவேன். நான்கு திக்கிலும் ஒரே பெயர் வந்தால் பேனாவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பேன்: "உள்ள எப்படிங்க போவீங்க?"

மேலூரில் இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "மாமூல் தடம் இருக்குங்க." காலம் காலமாக நடந்து வருகிற வழி என்று அர்த்தம். சரி என்று அதையும் எழுதுவேன். 'மாமூல் வழிநடை பாத்தியமும் சேர்த்து' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், 62 சென்ட் ஞாபகத்துக்கு வரும். கொஞ்ச வருடங்களாக அதோடு சேர்ந்து கூச் பிஹாரும் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐயாவின் நிலம் அவருடைய அம்மாவுக்குச் சீராக வந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த துண்டைத் தங்கச்சிக்குக் கொடுத்தார்கள். அப்போது நாலு பக்கமும் கூடப் பிறந்தவர்கள், யார் வரப்பில் யார் நடந்தால் என்ன? அடுத்த தலைமுறையில் சுற்றியிருந்த பாகமெல்லாம் ஒவ்வொன்றாக விலைக்குப் போய் ஒரே கைக்கு வந்து சேர்ந்தது. வாங்கியவர் வேலி போட்டார். அவர் பணம் கொடுத்து வாங்கிய நிலம், அவர் வேலி போட்டது தப்பென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலி விழுந்த நாளிலிருந்து எங்கள் 62 சென்ட் தனித் தீவாகிவிட்டது.

போவதற்கு மிச்சம் இருந்தது வாய்க்கால் கரை மட்டும். ஒன்றரை அடி அகலம் இருக்கும். ஐயா நாற்று முடிகளைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் முடியையும் இன்னொரு கையால் கருவேல முள்ளையும் பிடித்துக்கொண்டு அந்தக் கரையில் போவார். பின்னால் நான் தூக்குவாளியோடு போவேன். உழவு மாடு போக முடியாது. சுற்றி இருக்கிற வயல் காலியாகக் கிடக்கும்போது, கேட்டுவிட்டு ஏர் பூட்டிக்கொண்டு போகலாம். அறுவடையில் இன்னும் சிரமம். சுற்றிலும் அறுத்து முடித்த பிறகுதான் கதிர் அறுக்கிற மெஷின் எங்களுக்கு வர முடியும். எங்கள் நெல் முதலில் பழுத்திருந்தாலும் அறுப்பது கடைசியில்தான். ஒரு வருடம் தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து வெள்ளை வெள்ளையாக முளை விட்டது. ஐயா வரப்பில் குத்தவைத்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை.

இத்தனைக்கும் அந்த நிலத்துக்குத் தண்ணீர் ஒருநாளும் வழி தேடியதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

2015 ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டி ஒரு பேப்பரில் ஒரு வரைபடம் பார்த்தேன். மேற்கு வங்காளத்தின் வடக்கு ஓரத்தில், கூச் பிஹார் மாவட்டத்தைச் சுற்றி, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக நிலங்கள். வங்கதேசத்துக்குள்ளே இந்தியாவின் துண்டுகள் 111. இந்தியாவுக்குள்ளே வங்கதேசத்தின் துண்டுகள் 51. இவற்றை அந்த ஊரில் சிட்மஹால் என்கிறார்கள். ஜூலை 31 நள்ளிரவில் இரண்டு நாடும் இவற்றைக் கைமாற்றிக்கொண்டன. நம் பக்கம் கொடுத்தது 17,160 ஏக்கர், வாங்கியது 7,110 ஏக்கர். படத்தைப் பார்த்ததும் என் கை தானாகச் செக்குபந்தி எழுத ஆரம்பித்துவிட்டது. கிழக்கே வங்கதேசம், மேற்கே வங்கதேசம், வடக்கே வங்கதேசம், தெற்கே வங்கதேசம். இதற்குள் பட்டது இந்தியா.

அதிலும் தஹாலா காக்ராபாரி என்று ஒரு துண்டு. ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சணல் விளைகிற வயல், வீடு வாசல் எதுவும் கிடையாது. அந்த வயல் இந்தியா. அதைச் சுற்றியிருந்தது வங்கதேசம். அந்த வங்கதேசத்தைச் சுற்றியிருந்தது மறுபடி இந்தியா. அதையும் சுற்றி வங்கதேசம். உலகத்தில் இப்படி மூன்று சுற்றுக்குள் அகப்பட்டிருந்த நிலம் அது ஒன்றுதான். 2015க்குப் பிறகு அதுவும் இல்லை.

இது எப்படி வந்தது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். கூச் பிஹார் ராஜாவும் ரங்பூர் ஆட்சியாளரும் சதுரங்கம் ஆடி, கிராமங்களைப் பந்தயம் வைத்துத் தோற்றார்களாம். கதை கேட்க நன்றாக இருக்கிறது. உண்மைக் காரணம் எங்கள் பாகப்பிரிவினை மாதிரிதான். மொகலாயப் படைக்கும் கூச் பிஹாருக்கும் நடந்த சண்டை 1713இல் உடன்படிக்கையில் முடிந்தது. மொகலாயர் பிடித்த பகுதிக்குள் சில இடங்களில் ராஜாவின் ஆட்கள் அசையாமல் இருந்தார்கள். ராஜாவின் பகுதிக்குள் சில இடங்களில் மொகலாயச் சிப்பாய்கள் ஊன்றிவிட்டார்கள். யாரும் யாரையும் கிளப்பவில்லை. வரி யாருக்குப் போகிறது என்பதைத் தவிர அன்றைக்கு வேறு வித்தியாசம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் அப்படியே ஓடியது. 1947இல் ரங்பூர், பின்னால் வங்கதேசமான பாகிஸ்தான் பகுதிக்குப் போனது, 1949இல் கூச் பிஹார் இந்தியாவோடு சேர்ந்தது. கணக்குப் பிள்ளையின் நோட்டில் மட்டும் இருந்த கோடு ஒரே நாளில் சர்வதேச எல்லை ஆகிவிட்டது.

உள்ளே இருந்தவர்களின் பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. 2011இல் இரண்டு நாடும் சேர்ந்து எடுத்த கணக்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஜனங்கள். கரண்டு இல்லை, போலீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. தன் சொந்த நாட்டுக்குப் போக விசா வேண்டும். விசா வாங்க ஆபீஸுக்குப் போக வேண்டும். அந்த ஆபீஸுக்குப் போக அடுத்த நாட்டு மண்ணில் கால் வைக்க வேண்டும், அதற்கு விசா வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பக்கத்து ஊர்க்காரரின் விலாசத்தைக் கடன் வாங்கினார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள் ஆஸ்பத்திரி நோட்டில் வேறொருவர் பெயரைப் புருஷன் பெயர் என்று எழுதினார்கள். கைமாறிய இரவில் 68 வருடத்துக்கு 68 மெழுகுவர்த்தி ஏற்றினார்களாம். இருட்டிலேயே இருந்த ஊர்களில் அந்த வெளிச்சம் எப்படி இருந்திருக்கும்!

இரண்டு பிரதமர்கள், இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும், 1974 மே மாதமே இந்தக் கைமாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். நடந்து முடிய 41 வருடம். இடையில் எத்தனையோ காரணங்கள். நாட்டின் மண்ணை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பெருபாரி விவகாரத்தில் 1960இல் சொல்லிவிட்டது. ஆகவே நூறாவது திருத்தம் வந்த பிறகுதான் இது நடந்தது. நாங்கள் பத்திர ஆபீஸில் விற்க அதிகாரம் இல்லாமல் ஒரு சென்ட் கைமாறாது என்கிறோமே, அதே கதைதான், அளவு பெரிது.

ஆனால் அந்தப் படத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது வேறொரு இடம். தீன் பிகா. பெயருக்கே மூன்று பிகா நிலம் என்றுதான் அர்த்தம், பிகா அந்தப் பக்கத்து நில அளவு. தஹகிராம், அங்கார்போத்தா என்ற வங்கதேசத் துண்டு அதன் தாய்நாட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான். நடுவில் இருக்கிறது இந்திய நிலம், 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். அதைத் தாண்டிப் போய்வர ஒரு தடம். 1974 ஒப்பந்தத்திலேயே நிரந்தரக் குத்தகையாகத் தருவதாகப் பேச்சு. 1992 ஜூனில்தான் கதவு திறந்தது. அதுவும் பகலில், ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம். இருட்டிய பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் திறந்தது 2011இல். அந்தத் துண்டு 2015 கைமாற்றத்தில் சேரவில்லை, இன்றும் வங்கதேசத்தோடுதான் இருக்கிறது. தடம் கிடைத்துவிட்டதால் அது ஒரு சாதாரண ஊராக இருக்க முடிகிறது.

தொழில் காரணமாக எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. பத்திரம் இல்லாவிட்டாலும் காலம் காலமாக நடந்து வந்தால் தடத்துக்குப் பாத்தியம் உண்டு என்று நம் ஊரில் 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. இருபது வருடம் தடையில்லாமல், உரிமையோடு நடந்திருக்க வேண்டும். நாட்டுக்கும் நாட்டுக்கும் இந்த மாமூல் செல்லுமா?

செல்லும் என்று தீர்ப்பே இருக்கிறது. அதுவும் நம் நாடு சம்பந்தப்பட்ட வழக்கு. கடற்கரையில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த டாமனிலிருந்து உள்ளே தள்ளி, இந்திய மண் சூழ, தாத்ரா, நாகர் அவேலி என்ற இரண்டு இடங்களும் அவர்களிடம் இருந்தன. 1954இல் உள்ளூர்ப் போராட்டக்காரர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். போர்ச்சுகல் தன் ஆட்களை அனுப்ப வழி கேட்டது, இந்தியா விடவில்லை. போர்ச்சுகல் தி ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 12இல் தீர்ப்பு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நூற்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சாதாரண ஜனங்களும், சிவில் அதிகாரிகளும், சரக்கும் அந்த வழியில் போய்வந்திருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு வழி உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் படையும் ஆயுதப் போலீஸும் எப்போதும் அனுமதி கேட்டுத்தான் போயிருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு உரிமை இல்லை. அன்றைய கொந்தளிப்பில் இந்தியா வழியை நிறுத்தியதும் தப்பில்லை. இரண்டே நாடுகளுக்குள்ளும் ஒரு வழக்கம் சட்டமாக நிற்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எத்தனை அறிவாளிகள் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு! கடைசியில் அவர்கள் பார்த்ததும், யார் நடந்தார்கள், எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், கேட்டு நடந்தார்களா கேட்காமல் நடந்தார்களா என்பதைத்தான். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் கேட்கிற அதே மூன்று கேள்வி.

தடம் அடைபடாத இடத்தில் எவ்வளவு சிக்கலான எல்லையும் ஜனங்களைத் தொந்தரவு செய்வதில்லை. நெதர்லாந்துக்குள் பார்லே என்று ஒரு ஊர். அதில் பெல்ஜியத்தின் துண்டுகள் 22. அந்தத் துண்டுகளுக்குள் மறுபடி நெதர்லாந்தின் துண்டுகள் ஏழு. 1198இல் பிரபான்ட் பிரபு, பிரேடா பிரபுவுக்கு நிலம் கொடுத்தபோது, குடிகள் இருந்து வரி வந்துகொண்டிருந்த துண்டுகளைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டதில் வந்தது. தெருவோரத்தில் வெள்ளைச் சிலுவைக் குறி போட்டு எல்லை ஓடுகிறது, கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஓடுகிறது. எந்த நாட்டு வீடு என்று எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? தலைவாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. தலைவாசலின் நடுவிலேயே கோடு போகிற ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண். வீட்டுக்குத் தலைவாசல்தான் ஆதாரம் என்பதை நம் ஊர்க் கொத்தனாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மச்சான் ஐக்கிய அரபு எமிரேட்ஸில், கோர்பக்கான் என்ற ஊரில் டிரைவர். அவன் வாரம் நாலு நடை அங்கிருந்து புஜைரா போவான். எமிரேட்ஸுக்குள் ஓமானின் மத்ஹா என்ற துண்டு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதற்குள் நஹ்வா என்ற ஊர் மறுபடி எமிரேட்ஸ், ஷார்ஜாவைச் சேர்ந்தது. "செக்போஸ்ட் இருக்காடா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல மச்சான், ஒரு வளைவுல ஓமான் கொடி, அடுத்த வளைவுல நம்ம கொடி. போன் மட்டும் வெல்கம்னு மெசேஜ் அனுப்பும்" என்றான். ஒரே மூச்சில் மூன்று தடவை நாடு மாறிவிட்டு டீ குடிக்க நிற்கிறான்.

எங்கள் அப்பத்தாவே வேறு ராச்சியத்துப் பெண்தான். பிறந்தது பொன்னமராவதிப் பக்கம். அது அன்றைக்குப் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம். சுற்றிலும் திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று வெள்ளைக்காரன் ஜில்லாக்கள், நடுவில் தனி அரசு. 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகி மாட்டு வண்டியில் சிங்கம்புணரி வழியாக மேலூர்ப் பக்கம் வந்துவிட்டது அப்பத்தா. எல்லையைத் தாண்டியது எப்படி இருந்தது என்று ஒருதரம் கேட்டேன். "எல்லையா? வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, அதான் தெரியும்" என்றது. ராச்சியத்தின் அடையாளமாக அதன் சுருக்குப்பையில் ஒரு அம்மன் காசு மட்டும் இருந்தது. சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய செம்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. தேய்ந்து தேய்ந்து அம்மன் முகம் மழமழவென்று ஆகியிருந்தது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு எல்லைக் கோயிலும் உண்டு. மதுரையை எரித்த கண்ணகிக்குக் கூடலூர் மலைமேல் கோயில். தமிழ்நாடும் கேரளமும் சேர்கிற உச்சி. கோயில் யார் எல்லையில் என்பது பழைய பிரச்சினை. வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் திறப்பார்கள். ஜீப்பில் போக வேண்டுமானால் குமுளி வழியாகக் கேரளக் காட்டுக்குள் போக வேண்டும். நடப்பவர்களுக்கு நம் பக்கம் பளியங்குடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் செங்குத்துத் தடம். அதே பௌர்ணமியில்தான் அழகர் ஆற்றில் இறங்குவார். ஆகவே மேலூர்க்காரன் அந்த நாளில் மலைக்குப் போவது வீட்டில் சம்மதிக்கிற காரியம் இல்லை. ஒரே ஒரு வருடம் போனேன். விடியற்காலையில் பளியங்குடியில் ஏற ஆரம்பித்தோம். முன்னால் போன பாட்டி ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புல்லைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே இரண்டு மாநிலப் போலீஸும் நிற்கிறார்கள், இரண்டு மாநிலப் பூசாரிகளும் பூசை செய்கிறார்கள். சுவர் இடிந்து கிடக்கிறது. கிழக்கே திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாயாக விரிந்திருக்கிறது. மேற்கே காடு. அந்தப் பாட்டி சந்நிதியில் நின்றதைவிட அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்ற நேரம்தான் அதிகம். "எங்க வயலு தெரியுது பாரு" என்று விரலை நீட்டினார்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். அந்த மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தேக்கடி ஏரி. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ வேண்டிய ஆறு. அதை மறித்துக் கிழக்கே திருப்ப 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், 999 வருடம், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். 999 வருடக் குத்தகையை எழுதிய கையை நினைத்துப் பார்க்கிறேன். நான் எழுதியதில் அதிகம் 99தான். பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் முடிந்தது. 1970இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. இன்றும் அணை நிற்பது கேரள மண்ணில். அதை நடத்துவது தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம், அதன் வழியே தண்ணீர் எல்லை தாண்டி லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறது. பிறகு வைகை, வைகை அணை, பேரணை. பேரணையில் பெரியாறு பிரதான கால்வாயில் திரும்பி, கள்ளந்திரி தாண்டி, மேலூர் ஒருபோகத்துக்கு வந்து, கிளைக் கால்வாய், மடை, வாய்க்கால் என்று பிரிந்து, கடைசியில் ஐயாவின் 62 சென்டுக்குள் நுழைகிறது.

நூறு மைலுக்கு மேல், இன்னொரு ராச்சியத்திலிருந்து, மலையைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வருவதற்குத் தடம் இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு ஐயா நடந்து போகக் கடைசி நூற்று முப்பது அடிக்குத் தடம் இல்லை. இதை நான் கண்டுகொண்டது அவர் போன பிறகுதான். இருந்தபோது சொல்லியிருக்கலாமே என்று இருக்கிறது.

சுற்று நிலத்துக்காரரும் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். ஒருநாள் அவனே ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தான். "தடத்துக்கு எவ்வளவு வேணுமோ அளந்துக்க, விலை பேச வேண்டாம், மேற்கு மூலையில உங்க துண்டுல எங்க கிணத்து மேட்டுக்கு ஒட்டி கொஞ்சம் விடு" என்றான். மூன்று சென்டுக்கு மூன்று சென்ட், பரிவர்த்தனைப் பத்திரம். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். மூன்று கல் கிடைத்தது, நாலாவது கிடைக்கவில்லை. வாய்க்கால் கரையைக் கடப்பாறையால் குத்திப் பார்த்தபோது இரண்டடி ஆழத்தில் டங்கென்று சத்தம் கேட்டது. ஐயா நாற்று முடியோடு நடந்த இடத்துக்கு நேர் கீழே. மண்ணை ஒதுக்கினால் தலையில் அம்புக்குறி செதுக்கிய பழைய கல்.

பத்திரத்தை நானேதான் எழுதினேன். வடக்கு திக்கில் அன்றுதான் முதல்முறையாக வேறொரு சொல் வந்தது: 'பத்தடி அகலப் பொதுப் பாதை'. அடுத்த வரியில், 'ஆட்கள், ஆடு மாடுகள், வண்டி வாகனாதிகள் போய்வர' என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது.

அந்த வருடம் செப்டம்பரில் கால்வாய் திறந்து நாலைந்து நாள் கழித்து, அப்பத்தாவை ஆட்டோவில் வைத்து வயலுக்குக் கூட்டிப் போனேன். அதற்குத் தொண்ணூறுக்குப் பக்கம் வயது, கண் பாதிதான் தெரியும். பாதையில் புதுச் செம்மண், சக்கரம் பதிந்து பதிந்து போனது. வரப்போரம் ஆட்டோ நின்றது. இத்தனை வருடத்தில் அந்த வயலுக்கு அது வண்டியில் போனது அன்றுதான். கையைப் பிடித்து இறக்கி மடைப் பக்கம் உட்கார வைத்தேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலைக் கீழே நீட்டித் துழாவியது.

"ஏப்பா, தேக்கடித் தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சு அப்பத்தா. இன்னும் கொஞ்சம் காலை நீட்டு."